ஃபிலிமை உரித்த பிறகு

இன்று திருமங்கலத்தில் என் மனைவி ஸ்டெல்லாவின் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். விளாங்குடியிலிருந்து காரில் கிளம்பினோம்.

ஸ்டெல்லாவுக்கு லூபஸ் என்ற நோய். கொஞ்சம் வெயில் பட்டாலும் முகம் சிவந்து தடித்துவிடும். பிறகு காய்ச்சல், மூட்டுவலி என்று படுக்கையில் தள்ளிவிடும். அதனால்தான் கார்க் கண்ணாடியில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்டியிருந்தேன். லேசான சாம்பல் நிறம்.

வழியில் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார்.

"ஃபிலிம் ஒட்டக்கூடாதுன்னு தெரியாதா சார்?"

நோயைச் சொன்னேன்.

"நிறுத்துனா எல்லாரும் ஒரு நோயத்தான் சொல்றாங்க. கிழிங்க."

நான் வாதாடப் போனேன். "விடுங்க, நேரமாகுது" என்று ஸ்டெல்லாவே தன் பக்கத்து ஃபிலிமை நகத்தால் உரித்தாள். மற்ற கண்ணாடிகளில் இருந்ததை நான் உரித்தேன்.

வெயில் நேராக உள்ளே விழுந்தது. பட்டுச்சேலையோடு பின்சீட்டிலிருந்து கீழே இறங்கி, கால் வைக்கும் இடத்தில் குறுகி உட்கார்ந்து, போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றது போர்வை.

மண்டப வாசலில் தங்கை ஓடி வந்தாள். "என்னக்கா, சேல இம்புட்டுக் கசங்கியிருக்கு?"

"கார்ல நல்லாத் தூங்கிட்டேன்டி" என்று சிரித்தாள் ஸ்டெல்லா.

வண்டியை நிழலில் விட்டு வருகிறேன் என்று சொல்லி நான் வெளியே வந்துவிட்டேன். அழுது முடித்துத்தான் உள்ளே போனேன்.

விருந்து முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். பொழுது சாயட்டும் என்று நாங்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிறோம்.

வெயிலுக்குத் தெரிந்து, போலீஸுக்குத் தெரியாத ஃபிலிம் மதுரையில் எங்கே ஒட்டுகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.