குந்திப் பெற்றவள்

எண்பதுகளில் திருப்பூர் ஆஸ்பத்திரியில் என் முதல் பிரசவம். பக்கத்துக் கட்டிலில் சாயப்பட்டறையில் வேலை செய்த மலைசாதிப் பெண். வலி முற்றியதும் அவள் இறங்கித் தரையில் குந்தினாள்.

"எங்க மலையில இப்படித்தானுங்க பெத்துக்குவோம்."

நர்ஸ் அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்து, தொடையில் ஓங்கி ஓங்கி அறைந்தாள். "மேல ஏறிப் படுடி, காட்டுமிராண்டி!"

சொல்ல வாய் இருக்கும்போது கை எதற்கு என்று நினைத்தேன்.

அந்தப் பெண் நர்ஸின் கையை ரத்தம் வரக் கடித்தாள். குந்தியபடியே பெற்று, பிள்ளையைத் தன் கைகளிலேயே ஏந்திக்கொண்டாள்.

அடுத்து எனக்கு வலி கண்டது. நான் பனியன் கம்பெனி முதலாளியின் மருமகள் என்பது நர்ஸுக்குத் தெரியும். பல் பதிந்த அதே கையால் என் நெற்றியைத் துடைத்துக் கேட்டாள்:

"ரொம்ப வலிக்குதுங்களா, கண்ணு?"