புஷ்பவல்லி பால் ஊற்றிய தட்டு

புஷ்பவல்லி பிடிவாதக்காரி. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்து, ஐந்தாம் படிவப் பள்ளிப் படிப்போடு கிள்ளானில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவப் போனவள். பதின்மூன்று வருஷத்தில் அங்கேயே தலைமை டெக்னீஷியன் ஆனாள்.

1987இல் கூடத்துக்குப் புது பிளாஸ்டிக் தட்டுகள் வந்தன. தட்டின் குழிகளில் கிருமியின் சத்தை ஒட்டவைத்து, ஆளின் ரத்தநீரை ஊற்றவேண்டும். அந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய ஆண்டிபாடி அதில் இருந்தால் சத்தைப் பிடித்துக்கொள்ளும். கடைசியில் நிறமருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். பழைய தட்டில் பாதி சத்து கழுவும்போதே போய்விடும். புதுத் தட்டில் எல்லாம் கெட்டியாக ஒட்டும்படி பிளாஸ்டிக்கையே மாற்றியிருந்தார்கள். கூடத்தை நடத்தும் டாக்டர் சபாபதிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

முதல் வாரமே சீதாலெட்சுமியின் குழி மஞ்சளானது. பிரிக்பீல்ட்ஸில் மெஸ் நடத்துகிறவள்; லைசென்ஸுக்காக டைபாய்டு பரிசோதனைக்கு வந்திருந்தாள். டைபாய்டு கிருமி சுமப்பவள் என்று ரிப்போர்ட் போனால் மெஸ்ஸை இழுத்து மூடவேண்டியதுதான்.

“எனக்கு ஒரு காய்ச்சலும் வந்ததில்லையேம்மா,” என்று வாசலில் நின்று அழுதாள்.

அவளையும் சேர்த்து அன்று அதே பரிசோதனைக்கு வந்த சமையல்காரர்கள் பதினாறு பேர். பதினாறு குழியும் மஞ்சள். புஷ்பவல்லிக்கு அது உறுத்தியது.

“டாக்டர், இப்ப கையெழுத்து போடாதீங்க லா.”

“புது தட்டு பொய் சொல்லாது புஷ்பா.”

அவள் வாதாடவில்லை. தன் ரத்தத்தை எடுத்தாள். டாக்டரின் கையையும் நீட்டச் சொன்னாள். இரண்டு குழியும் மஞ்சளாயின.

“நாம ரெண்டு பேரும்கூட கிருமி சுமக்குறோம் போல, டாக்டர்.”

சபாபதி பேனாவை மூடி வைத்தார்.

தப்பு கூடத்துக்காரர்களுடையதுதான், அவளுடையதும்கூட. கிருமிச் சத்து ஒட்டாத இடத்தை முதலில் எதையாவது கொண்டு மூடவேண்டும். பழைய தட்டில் அதைச் செய்யாமலே ஒப்பேற்றிப் பழகிவிட்டார்கள். புதுத் தட்டோ வெறும் இடத்திலும் கண்டதையெல்லாம் பிடித்துக்கொண்டது.

மூடுவதற்குப் பால் புரதம் போதும் என்று எங்கோ படித்திருந்தாள். தேநீருக்கு இருந்ததோ சர்க்கரைப் பாகான டின் பால். ஆனால் உடம்பு இளைக்க கிளார்க் வாசு கொழுப்பில்லாத பால்மாவு வைத்திருந்தான். கேட்காமலே எடுத்தாள். கரைத்துக் குழிகளில் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு, கழுவி, மறுபடி ரத்தநீர் இட்டாள்.

ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த, டைபாய்டு என்று ஏற்கெனவே உறுதியான ஒரு நோயாளியின் குழி மட்டும் பளிச்சென்று மஞ்சளானது. பதினாறும் தண்ணீராய்த் தெளிந்து நின்றன. டாக்டர் புது ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். புஷ்பவல்லிக்கு அங்கேயே குதிக்கவேண்டும் போலிருந்தது. போனை எடுத்தாள்.

“அக்கா, உங்களுக்கு ஒன்னுமில்ல. அடுப்பைப் பத்த வைங்க.”

 மறுமுனையில் சீதாலெட்சுமி உள்ளே திரும்பி, நாற்பது பேருக்கு அரிசி களையச் சொல்வது கேட்டது.