கட்டைவிரலுக்குப் பின்னால் அப்பா

என் அப்பாவை நான் ஒருமுறை கட்டைவிரலால் அழித்திருக்கிறேன். மகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கும்போது இப்போதும் விரலை யார் பக்கமும் நீட்டுவதில்லை.

பசுமலையில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்த சித்தி, லீவுக்கு எழுமலை வந்தால் பாடம் நடத்திப் பார்ப்பது என்மேல்தான். அன்று எங்கள் கடலைக்காட்டில் வைத்து ஓவியப் பாடம்.

"ஒத்தக் கண்ண மூடு. கைய நீட்டி கட்டவெரலால அந்த மலைய மறை பாப்போம்."

மறைத்தேன். மேற்கே வானத்தை அடைத்துக்கொண்டு கிடந்த மலை போன இடம் தெரியவில்லை. எனக்கு மயிர் கூச்செறிந்தது.

"சித்தி, மலையக் காணோம்!"

"அது அங்கனதான்டா இருக்கு. எம்புட்டுப் பெருசானாலும் தூரத்துல இருந்தா சின்னதாத்தான் தெரியும். அப்படித்தான் வரையணும்."

இந்தப் பிற்பாதி என் காதில் ஏறவில்லை. புளியமரத்தை மறைத்தேன். மோட்டார் ரூமை மறைத்தேன். கடைசி வரப்பில் மண்வெட்டியோடு அப்பா நின்றார். ஒரு அதட்டலில் தெருவையே அடக்குகிறவர், என் நகத்துக்குள் அடங்கிப்போனார்!

விரலை எடுத்தேன். மண்வெட்டி இருந்தது. அப்பா இல்லை.

போன வழியே திரும்புவாரோ என்று மறுபடி மறைத்து எடுத்தேன். இடது கட்டைவிரலையும் போட்டுப் பார்த்தேன். பிறகு, "அப்பாவ அழிச்சிட்டேன்!" என்று அலறிக்கொண்டு கடலைச்செடிகளை மிதித்து ஓடினேன்.

வரப்புக்குப் பின்னாலிருந்து அப்பா எழுந்தார். நான் நெருங்க நெருங்க விரலளவு, முழங்கையளவு என்று வளர்ந்துகொண்டே வந்து வானத்தை மறைத்து நின்றார். அம்புட்டுப் பெரிய அப்பாவை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஆனால் அவர் முகம் வெளிறிக் கிடந்தது. கையிலிருந்த எதையோ பின்னால் எறிந்துவிட்டு என் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"தலை வலிக்குதாய்யா? கிறுகிறுன்னு வருதா?"

தேங்காய் வாங்குகிறவர் போலத் தட்டியும் தடவியும் பார்த்தார்.

"அப்பா இனிமே தொடவே மாட்டேன்யா. சத்தியமா."

"நானும் தொட மாட்டேம்ப்பா" என்று கட்டைவிரலை டவுசர் பைக்குள் ஒளித்தேன்.

பீடியைத் தொடுவதில்லை என்று முந்தைய வாரம்தான் அம்மாவிடம் என் தலையில் அடித்து அவர் சத்தியம் செய்திருந்தார். அது எனக்குத் தெரியவந்தது மீசை முளைத்த பிறகு. அன்றைக்கு, அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து எழும்பிய புகையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அழிந்துபோய்த் திரும்பி வந்த மனிதர் கொஞ்சமாவது புகையாமல் இருப்பாரா?