கரண்டிவாயன் பறக்கவில்லை

1. பத்தடி தூரம்

அந்த வெள்ளிக்கிழமை காலை ஏரியில் ஒரு கரண்டிவாயன் எனக்குப் பத்தடி தூரத்தில் நின்றது. கொக்கு மாதிரி வெள்ளையாக, ஆனால் அதைவிட உயரமாக இருக்கும். அலகின் நுனி மட்டும் அகப்பை போலத் தட்டையாக இருக்கும். ஆள் நடமாட்டம் தெரிந்தாலே எழுந்து பறந்துவிடும் பறவை. எட்டு வருடமாக அதை நான் பைனாகுலரில் மட்டுமே பார்த்திருந்தேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு கிராமத்தில் யூனியன் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை நான். என்னையும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள். ஒன்று முதல் ஐந்து வரை நாற்பது சொச்சம் பிள்ளைகள். பெற்றோரில் பாதிப் பேர் கம்பெனி ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், பாதிப் பேர் நெல் பயிரிடுகிறவர்கள். பள்ளியின் பின்சுவரைத் தாண்டினால் ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம் கம்பெனிகளின் தகரக் கூரைகள்.

மே மாதத்தில் ஏரி வற்றி நடுவில் குட்டையாகச் சுருங்கும். மீன்கள் அதில் நெருக்கியடித்துக் கிடக்கும். அதற்காகவே நாரைகளும் கொக்குகளும் வந்து குவியும். அதனால் சம்மர் லீவில் பள்ளி மூடியிருந்தாலும் நான் ஆரம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் விடியும் நேரத்துக்கு வந்துவிடுவேன். "லீவுலகூடவா டீச்சர்?" என்று ஊரில் கேட்பார்கள். பைனாகுலரைத் தூக்கிக் காட்டுவேன். சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அன்றைக்கு நான் ஒவ்வோர் அடியாக நெருங்கினேன். பறவை நகரவில்லை. தலை சற்றுத் தாழ்ந்திருந்தது. ஒரு பக்கத்து இறக்கை லேசாகத் தொங்கியது. ஓய்வெடுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். போனில் முப்பது படங்களுக்கு மேல் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பறவை பார்க்கும் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் படங்களைப் போட்டேன். பாராட்டு மேல் பாராட்டு. ஒருவர் மட்டும், "இறக்கை தொங்குதே மேடம், அதுக்கு உடம்பு சரியில்லையோ?" என்று எழுதியிருந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. எட்டு வருடம் காத்திருந்து கிடைத்த படத்தில் குறை சொல்கிறாரே என்று பதில் போடாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

சனிக்கிழமை திருவள்ளூரில் ட்ரெயினிங். காலையில் போனவள் இருட்டித்தான் திரும்பினேன்.

2. ஹைட் ஆர்டர்

ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு மறுபடி ஏரிக்குப் போனேன். கரண்டிவாயன் அதே இடத்தில் இருந்தது. கழுத்து தண்ணீருக்குள் கிடந்தது. செத்து ஒரு நாளாவது ஆகியிருக்கும்.

பக்கத்தில் ஒரு மடையான், வயல்களில் பார்ப்போமே அந்தக் குட்டைக் கொக்கு, கரையோரம் உட்கார்ந்திருந்தது. குனிந்து கையில் எடுத்தேன். கொத்தவில்லை, உதறவில்லை. அதன் கழுத்து என் உள்ளங்கையிலிருந்து ஈரத்துணி மாதிரி தொங்கியது. கண் மட்டும் திறந்திருந்தது. காட்டுக் கொக்கை யாராலும் இப்படி எடுக்க முடியாது. அந்த நிமிஷம்தான் வெள்ளிக்கிழமை நான் பார்த்தது என்ன என்று எனக்குப் புரிந்தது. பறவை விரும்பி என்னைப் பக்கத்தில் விடவில்லை. அதால் போக முடியவில்லை.

வந்ததிலிருந்தே கேட்ட கூச்சலுக்கு அப்போதுதான் நிமிர்ந்து குட்டையின் மறுகோடியைப் பார்த்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் ஆண்களும் பெண்களும், கரையோரம் முழங்கால் தண்ணீரில் என் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேரும் கூடையிலும் புடவைத் துணியிலும் மீன் அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஏரி மீனைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் முனிரத்தினம். அவர் மகள் கீர்த்தனா என் பள்ளியில் நான்காம் வகுப்பு. அடுத்த வாரம் வலை போடுவதாக இருந்தவர், மீன் தானாக மேலே வந்துவிட்டது என்று அன்று விடியற்காலையிலேயே ஊரை இறக்கிவிட்டிருந்தார்.

கொக்கைக் கையில் வைத்துக்கொண்டே அவரிடம் ஓடினேன்.

"முனிரத்தினம், எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க. தண்ணில ஏதோ கலந்திருக்கு. பறவையெல்லாம் சாவுது."

"இன்னா டீச்சர் காத்தாலயே? வெயிலு ஏறிச்சின்னா மீனு மேலதான் வரும். வருஷா வருஷம் வர்றதுதான்."

"வெயிலுக்கு மீன் வரும். கொக்கு சாகுமா?"

"வயசாயி செத்துருக்கும்."

"மூணு நாளா சாவுதுங்க."

மூன்று நாள் என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"இத்த வுட்டா இந்த வருஷம் எனக்கு ஒன்னுமே இல்ல. ரெண்டு மணி நேரம் கம்முனு இருங்க, அள்ளிக்கினு போயிடறோம். வவுத்துல அடிக்காதீங்க டீச்சர்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கோடையில் மீன் செத்து மிதப்பதை நானே பல வருடம் பார்த்திருக்கிறேன். என்னிடம் தண்ணீரைச் சோதித்த ரிப்போர்ட் எதுவும் இல்லை. கையில் ஒரு கொக்கு மட்டும் இருந்தது. நான் சொல்வது தப்பாக இருந்தால் இந்த ஊரில் பிறகு என் பேச்சு எடுபடாது. ஒரு நிமிஷம் தயங்கி நின்றேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

பெரியவர்களை வெளியே வரச்சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. பிள்ளைகளிடம் இருந்தது. கரையில் ஏறி நின்று, பிரேயரில் கத்துகிற அதே குரலில் கத்தினேன்.

"எல்லாரும் லைன்ல வா! ஹைட் ஆர்டர்!"

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பழக்க தோஷம். அள்ளிய மீனைக் கீழே போட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கரையேறி, சேறு சொட்டச் சொட்ட, குட்டையானவன் முன்னால் நெட்டையானவள் பின்னால் என்று வரிசையாக நின்றார்கள். "கையை வாய்கிட்ட கொண்டு போகக் கூடாது" என்றேன். பள்ளி பம்புக்கு நடத்திக்கொண்டு போய் ஒவ்வொருவரையும் குளிப்பாட்ட ஆரம்பித்தேன்.

அம்மாக்கள் திட்டிக்கொண்டே பின்னால் வந்தார்கள். அதில் எங்கள் சத்துணவு சமையலர் செல்வியும் இருந்தாள். அவள் மட்டும் நான் கரையில் வைத்துவிட்டு வந்த மடையானைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். நேராக என்னிடம் வந்தாள்.

"டீச்சர், அந்தக் கொக்கு இப்ப செத்துப்போச்சு. விடியங்காட்டியே கொஞ்சம் மீனு ஊட்டுக்குப் போயிடுச்சு. நாலஞ்சு ஊட்ல அடுப்புல ஏத்திருப்பாங்க."

பிள்ளைகளைக் குளிப்பாட்டும் வேலையை அந்த அம்மாக்களிடமே விட்டுவிட்டு நாங்கள் ஓடினோம்.

3. வெள்ளிக்கிழமையா?

முதல் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள். செல்வி எதுவும் விளக்கவில்லை. பாத்திரத்தோடு வாங்கிக் குழியில் கொட்டினாள். இரண்டாவது வீட்டில் சண்டை. "ஏன்டி, உனுக்குப் பைத்தியமா?" என்று அந்த வீட்டுக்காரி செல்வியின் முடியைப் பிடித்துவிட்டாள். "அப்பறமா அடி அக்கா, இப்ப மீனைக் குடு" என்றாள் செல்வி. மூன்றாவது வீட்டில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நானே அடுப்பை அணைத்தேன்.

நான்காவது முனிரத்தினத்தின் வீடு. அவர் மனைவி லட்சுமி வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மீன் சமைச்சியா லட்சுமி?"

"காலைல நாலு மீனு வறுத்தேன் டீச்சர். நாஷ்டாவுக்கு. பாப்பா மட்டும்தான் சாப்ட்டுது. விடியக்காலம் அவங்க நைனாகூட தண்ணில ஆடிட்டு வந்துது. இப்பத் தூங்குது."

"தூங்குதா? மணி எட்டுதானே?"

உள்ளே போனேன். கீர்த்தனா பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். வாயோரம் எச்சில் வழிந்து தலையணை நனைந்திருந்தது. உடம்பெல்லாம் வியர்வை. "கீர்த்தனா" என்று கூப்பிட்டேன். கண் திறந்தாள், ஆனால் பார்வை என் முகத்தில் நிற்கவில்லை. தூக்கியபோது தலை என் முழங்கையிலிருந்து சரிந்து தொங்கியது. சற்று முன் அந்தக் கொக்கின் கழுத்து இப்படித்தான் தொங்கியது. 

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். காத்திருக்கவில்லை. நான் ஸ்கூட்டரை எடுத்தேன். செல்வி பின்னால் உட்கார்ந்து பிள்ளையை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தொழிற்பேட்டை சாலையில் கம்பெனி பஸ்களும் டிரெய்லர்களும் வரிசை கட்டி நின்றன. மண்ணில் இறங்கி இறங்கி ஓட்டினேன். செல்வி என் காதருகே சொல்லிக்கொண்டே வந்தாள்.

"மூச்சு இருக்குது டீச்சர். இருக்குது. நீங்க ரோட்டப் பாருங்க."

கும்மிடிப்பூண்டி அரசு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் இளைஞர். பிள்ளையின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தவுடன் அவர் முகம் மாறியது.

"பூச்சி மருந்து குடிச்சாளா?"

"இல்ல டாக்டர். ஏரில ஆடியிருக்கா. அந்த ஏரி மீனைச் சாப்பிட்டிருக்கா. அங்க பறவையெல்லாம் இப்படியே செத்துக் கிடக்குது." போனை எடுத்துக் கரண்டிவாயன் படத்தைக் காட்டினேன்.

அவர் ஊசி போடச் சொல்லிக்கொண்டே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அதற்குள் முனிரத்தினமும் லட்சுமியும் ஆட்டோவில் வந்து இறங்கி, மூச்சு வாங்க எனக்குப் பின்னால் நின்றார்கள்.

"இறக்கையைத் தொங்கவிட்டிருக்கு, தலை தொங்குது. அதேதான். இது எப்ப எடுத்த படம் மேடம்?" என்றார் டாக்டர்.

"வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமையா? அப்பவே இப்படி இருந்துச்சா?"

 முனிரத்தினம் முன்னால் வந்தார்.

"வெள்ளிக்கெயமயே உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

அந்த ஒரு கேள்விக்கு நான் ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். ட்ரெயினிங் போயிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய் இல்லை.

"பாத்தேன். ஆனா புரியல. ஒருத்தர் கேக்கக்கூட கேட்டார், அதுக்கு உடம்பு சரியில்லையான்னு. நான் காதுல வாங்கல."

அவர் என்னைத் திட்டவில்லை. சுவரோரம் போய்க் குத்துக்கால் வைத்து உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கீர்த்தனாவை அங்கிருந்து சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சாயங்காலத்துக்குள் ஊரில் மேலும் ஏழு பேருக்கு வாந்தி. அவர்கள் மறுநாளே வீடு திரும்பினார்கள். கீர்த்தனா மூன்று நாள் கண்ணைச் சரியாகத் திறக்கவில்லை. அந்த மூன்று நாளும் நான் பைனாகுலரை எடுக்கவில்லை. சோறும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்ட செல்வி காலையும் மாலையும் போன் செய்து சொல்வாள். "அப்டியேதான் இருக்குது டீச்சர்." நான்காம் நாள் காலையில் போன் வந்தது. எடுக்கவே பயமாக இருந்தது. "பாப்பா தண்ணி கேட்டுச்சு டீச்சர். அவங்க நைனாவைத் திட்டுது, ஊட்டுக்குப் போலாம்னு" என்றாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

4. அதற்குப் பிறகு

அதிகாரிகள் வந்து தண்ணீரைச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள். பூச்சி மருந்து வகையைச் சேர்ந்த ஏதோ கலந்திருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. எங்கிருந்து வந்தது என்று அதில் இல்லை. டேங்கர் லாரியில் கொண்டு வந்து வாய்க்காலில் விட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். வயலிலிருந்து வந்திருக்கும் என்று சிலர் சொன்னார்கள். இன்றுவரை தெரியாது. அந்த வருடம் மீன் மொத்தத்தையும் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். மழைக்காலம் வரை ஏரியில் யாரும் இறங்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்த அன்று கீர்த்தனாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தவர் முனிரத்தினம். அதுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பிள்ளை வகுப்புக்குள் ஓடிய பிறகும் வாசலிலேயே நின்றார். நான் போனேன்.

"அன்னிக்கு நீங்க சொல்லும்போது நான் கேக்கல" என்றார்.

"நானும் சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லல."

ஏரிப் பக்கம் கை காட்டினார்.

"இனிமே ஒரு குருவி செத்துக் கெடந்தாலும் எனுக்குப் போன் போடுங்க டீச்சர். நான் ஆரயும் நம்ப மாட்டேன், கத்துவேன். கத்துனாலும் போடுங்க."

போன மாதம் போட்டேன். வரப்பில் இரண்டு காகங்கள் செத்துக் கிடந்தன. மீன் நஷ்டத்துக்குப் பிறகு கம்பெனி வேலைக்குச் சேர்ந்திருந்தவர், ஷிஃப்டிலிருந்து நேராக டியூட்டி யூனிஃபார்மோடு வந்தார். குச்சியால் புரட்டிப் பார்த்தார். மேலே நிமிர்ந்தார். மின்கம்பி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"கரண்டுல அடிபட்ட காக்காவுக்கா என்னை இவ்ளோ தூரம் வரவெச்சீங்க? பேஜாராப் போச்சு டீச்சர்!"

"ஆமா" என்றேன். "அடுத்த வாட்டியும் கூப்பிடுவேன்."

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஏதோ சரியில்லை என்று கண்ணில் பட்டால், உறுதியாகத் தெரிந்த பிறகு வாயைத் திறக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நாம் சொல்வது பத்தில் ஒன்பது முறை தப்பாகப் போகும். ஊரார் சிரிப்பார்கள், கத்துவார்கள். அதைக் கேட்டுக்கொள்வதும் நம் வேலைதான்.

முனிரத்தினம் திட்டிக்கொண்டேதான் போனார். ஆனால் போகும்போது ஏரி மடையில் இறங்கி, கையில் தண்ணீரை அள்ளி, முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.