காய்: காணப்படவில்லை

என் ஓரகத்தி வீட்டுக் கூடத்தில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்ட ஒரு தடித்த தாள் மாட்டியிருக்கும். அதில் நாடா மாதிரி நீள இலைகளோடு ஒரு காய்ந்த செடி. நடுவே பட்டு இழை போல ஒரு காம்பு, நுனியில் எள்ளளவு பூ. ஐம்பது வருஷமாகியும் அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது.

அப்போது நாங்கள் ஒரே வீட்டு மருமகள்கள். அண்ணன் தம்பி இருவரும் தறியில் உட்கார, நாங்கள் தார்க்குச்சியில் ஊடை நூல் சுற்றுவோம், குளத்தில் பட்டு நூல் அலசுவோம். என் கண்ணுக்குத் தப்பி ஓர் இழை அறுந்துபோகாது என்று மாமியாரே சொல்லியிருக்கிறார். சின்னவள் வேடிக்கை பார்த்தே நூலைச் சிக்கலாக்கிவிடுவாள். படியோரம் மிதந்த அந்தப் பூவை அவளுக்குக் காட்டியதே நான்தான்.

ஒரு மழைக்காலம் முடிந்து, காலேஜில் செடிகொடிப் பாடம் நடத்தும் டீச்சரம்மா ஒருவர் குளம் குளமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் வீட்டில் இல்லாத நாள். சின்னவள் பூவைக் காட்டியிருக்கிறாள். "இந்தப் பக்கத்துல யாரும் இதைப் பார்த்ததே இல்ல. என்ன கண்ணும்மா உனக்கு" என்றாராம். அதை என்னிடமே வந்து சொன்னாள். அக்காதான் காட்டினாங்க என்று ஒரு வார்த்தை அங்கே சொல்லவில்லை.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் டீச்சரம்மா வருவார், அவள் கையால் காப்பி குடிப்பார். அவருக்கு ஒரே குறை. இந்தச் செடியில் ஆண் தனி, பெண் தனியாம். படியோரம் இருந்ததெல்லாம் பெண். காய் கிடைத்தால்தான் இன்ன செடி என்று உறுதியாக எழுத முடியுமாம்.

காய் எங்கே என்று எனக்குத் தெரியும். எதிர்க்கரைத் தாழம்புதர் அடியில். பாம்புக்குப் பயந்து யாரும் போகமாட்டார்கள். கலங்காத தண்ணீருக்காக நான் மட்டும் போவேன். அங்கே அடியிலிருந்து வெள்ளைப் பூக்கள் அறுந்து மேலே வந்து, ரவை மாதிரி மிதந்துபோய்ப் பெண்பூவை ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அந்தக் காம்பு, தார்க்குச்சியில் நூல் ஏறுவதுபோலச் சுருண்டு சுருண்டு பூவை உள்ளே இழுத்துவிடும். சேற்றோரம் ஊசி மாதிரிக் காய் நிற்கும். தொட்டே பார்த்திருக்கிறேன்.

டீச்சரம்மா என்னையும் கேட்டார். "நீங்க எங்கியாவது காய் பார்த்தீங்களாம்மா?"

"நான் நூலைத்தான் பார்ப்பேன்மா" என்றேன்.

சின்னவள் சிரித்தாள். "குளமே வத்திப்போனாலும் அக்கா நூலை அலசிக்கினுதான் இருக்கும் டீச்சர்."

அந்தச் சிரிப்பு இல்லாதிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். அடுத்த கோடையில் குளத்தைத் தூர் வாரினார்கள். தாழம்புதரையும் வெட்டி, சேற்றை வண்டி வண்டியாக அள்ளிப் போனார்கள். செடி திரும்ப முளைக்கவில்லை. டீச்சரம்மா வந்து படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். பிறகு இந்தத் தாளைச் சின்னவளுக்குக் கொடுத்தனுப்பினார். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அவள் இல்லாத ஒரு மதியம், தாளின் அடியில் எழுதியிருந்ததை நின்று படித்தேன். கண்டெடுத்தவர் என்று அவள் பேர். அதற்குக் கீழே, காய்: காணப்படவில்லை.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். சின்னவளுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. "அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் தொடைச்சுடுக்கா, தூசி படிஞ்சிருக்கும்" என்றாள். முந்தானையால் துடைத்தேன். அவள் பேர் இருக்கிற இடத்தை அவசரமாகத் தாண்டினேன். கீழ் வரியில் கை நின்றுவிட்டது. அந்தக் காயைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். காட்டுவதற்கு ஒரு விதைகூட என்னிடம் இல்லை.

"எல்லாம் தெரியுதாக்கா?" என்று கேட்டாள்.

"தெரியுது" என்றேன்.