எங்கள் டீம் கோல்கீப்பர்

சில வருஷங்களுக்கு முன், பெங்களூரில் ஒரு மழைநாள் மதியம் நடந்தது இது. நான் இங்கே ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உள்ளூர் நிருபர். அடுகோடி ஏரியாவில் கட்டடச் சாரம் சரிந்து பெயின்டர் ஒருவர் இறந்துபோனார். வழக்கமாக விபத்துச் செய்திக்குப் போகிறவர் லீவு. விலாசத்தை மட்டும் கையில் கொடுத்து, "பெயர், வயசு, படம் எல்லாம் நீயே வாங்கிட்டு வா" என்று என்னை அனுப்பினார்கள்.

இழவு வீட்டில் படம் கேட்பது எங்கள் தொழிலில் யாருக்கும் பிடிக்காத வேலை. எனக்குப் பழகிவிட்டது. செருப்பைக் கழற்றுவேன், குரலைத் தாழ்த்துவேன், கிடைத்த படத்தை மொபைலில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். மனசையும் கூடவே கொண்டுபோனால் பிழைப்பு நடக்காது.

வீடு மர்பி டவுனில். இறந்தவரின் தங்கைதான் பேசினார். ஆதார் கார்டு போலீஸிடம் இருக்கிறதாம். போனும் அவரோடு விழுந்து நொறுங்கிவிட்டதாம்.

"டிவியில யாரோ கூலி ஆளுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்கண்ணா. எங்கண்ணன் மூஞ்சி பேப்பர்ல வரணும்" என்றவர், சுவரில் மாட்டியிருந்த பழைய ஃபுட்பால் டீம் போட்டோவை இறக்கித் துடைத்துக் கொடுத்தார். நடுவில் பந்தோடு உட்கார்ந்திருப்பவனைக் காட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் டீம் கோல்கீப்பர்! பக்கத்தில் ஒல்லியாக நிற்பது நான். அல்சூரில் குடியிருந்தபோது சேர்ந்து ஆடினோம். வீடு மாறியதோடு தொடர்பு விட்டுப்போயிற்று.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே படத்தில் என்மேல் விரலை வைத்தார். "இவரு உங்க பேப்பர்லதாண்ணா எழுதுறாரு. இவர் பேரு வந்தா அண்ணன் தெருவுக்கே காட்டும். அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா, படம் கண்டிப்பா வந்துடும்."

எனக்கு இப்போது தலையில் முடி இல்லை, தொப்பை வேறு. அவருக்கு அடையாளம் தெரிய வழியே இல்லை. தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். ஏனோ முடியவில்லை.

"அது நான்தாம்மா."

அவர் என்னையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப நான் என்னத்த சொல்றது? உங்களுக்கே எல்லாம் தெரியுமே. எழுதிக்கங்கண்ணா."

பேனாவைத் திறந்தவன் அப்படியே நின்றேன். மைதானத்தில் அவனைப் பட்டப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். வேறு பெயர் இருக்கும் என்று யோசித்ததுகூட இல்லை.

"அவனோட பேரு என்னம்மா?"

 நான் தப்பாக எழுதிவிடக் கூடாது என்பதுபோல் அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் நிமிராமல் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் படமும் பெயரும் பேப்பரில் வந்தன. இப்போதும் செய்திக்கு மேல் என் பெயர் அச்சாகி வரும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. அதைத் தெருவெல்லாம் காட்டித் திரிந்தவனின் பெயரை, அவன் செத்த பிறகு கேட்டுத்தான் நான் தெரிந்துகொண்டேன்.