டவருக்கு அடித்த தகரம்

செகந்திராபாத் பக்கம் மல்காஜ்கிரியில் வெல்டிங் வேலை எனக்கு. கேட், கிரில், மாடிப்படி. பதினைந்து வருஷமாக ராடு பிடிக்கிறேன்.

மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். நாங்கள் இருந்த மாடி அறைக்கு எதிரே செல்போன் டவர் வைத்தார்கள். வீட்டுக்கார அம்மா செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்பார். மேலே ஏறி வந்தார்.

"அந்த ஜன்னலாண்ட படுக்க நக்கோம்மா. ரேடியேஷன். புள்ளைக்கு ஆகாது."

கட்டிலை நகர்த்தினேன். அப்படியும் அவள் தூங்கவில்லை. வயிற்றில் கை வைத்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரேடியேஷன் கண்ணுக்குத் தெரியாது, உடம்புக்குள் போய்க் கெடுக்கும். நான் கேள்விப்பட்டது அவ்வளவுதான். ஜன்னலைத் தகரம் அடித்து மூடிவிட முடிவு செய்தேன்.

ஞாயிறு காலை மொட்டைமாடியில் தகரத்துக்கு இரும்புச் சட்டம் பற்றவைக்க ஆரம்பித்தேன். பிடிக்க ஆள் இல்லை. அவளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். என் கையுறையை அவளுக்குக் கொடுத்தேன். முகத்துக்குப் பிடிக்கும் கறுப்புக் கண்ணாடி ஒன்றுதான் உண்டு. அது என்னிடம்.

"கண்ண மூடிக்க. நான் சொன்னாத்தான் தொறக்கணும்."

"மூடிட்டுத்தாங்க இருக்கேன். நீங்க வேலையப் பாருங்க."

மதியத்துக்குள் தகரம் ஏறிவிட்டது. அறை இருட்டாகிவிட்டது. அவள் சிரித்தாள்.

சாயங்காலம் சோறு வடிக்கும்போது கண்ணில் மண் விழுந்த மாதிரி இருக்கிறது என்றாள். கொஞ்ச நேரத்தில் இமையைத் திறக்க முடியவில்லை. தண்ணீராகக் கொட்டியது. எனக்கு அது என்னவென்று தெரியும். தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கும் வந்திருக்கிறது.

"பாத்தியா?"

ஆமென்று தலையை ஆட்டினாள்.

"ஏன் பாத்த?"

"உங்க கை வெறும் கையா இருந்துச்சு. சுட்டுக்குவீங்களோன்னு அப்பப்ப பாத்தேன்."

கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். படி இறங்கும்போது என் தோளை விடவே இல்லை. டாக்டர் தெலுங்கில் சொன்னார். வெல்டிங் வெளிச்சத்தோடு புற ஊதாக் கதிரும் வருகிறது. கண்ணின் மேல்பரப்பைச் சுட்டிருக்கிறது. தோலையும் சுடும். இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும், கசக்கக் கூடாது. வயிறு வரை அது போகாது.

"இது ரேடியேஷன் இல்லையே, சார்?" என்றேன்.

இதுவும் ரேடியேஷன்தான் என்றார்.

இத்தனை வருஷம் அதை வெளிச்சம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

டவரைப் பற்றியும் கேட்டேன். அதுவும் ஒரு வகைக் கதிர்தான், ஆனால் உங்கள் அறைக்கு வந்து சேர்வது ரொம்பக் குறைச்சல், அதனால் பிள்ளைக்குக் கெடுதல் என்று யாரும் காட்டியதில்லை என்றார். தகரம் அடித்த கதையைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. ஈரத்துணி மாற்றினேன், சொட்டு மருந்து விட்டேன். சோறு பிசைந்து ஊட்டினேன்.

"உப்பே இல்ல."

"தின்னு."

மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுத்துல என்ன இது, தோலு உரிஞ்சு கெடக்கு?"

"வெயிலு."

"வெயிலா? தோலையும் சுடும்னு டாக்டர் சொன்னாரு. கேட்டுட்டுத்தான இருந்தேன்."

என் சட்டை எதிலும் மேல் பொத்தான் கிடையாது. ஊசியில் நூல் கோக்க அவளுக்குக் கண் கூசியது. கோத்து நான் கொடுத்தேன். நான்கு சட்டைக்கும் அவள் தைத்தாள். தகரத்தைக் கழற்றினேன்.

பெண் பிறந்தாள். நன்றாக இருக்கிறாள். மே மாதத்தில் சட்டையைக் கழுத்துவரை பூட்டினால் புழுங்கித் தள்ளும். பூட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறேன்.